கோத்தகிரிக்கு அடுக்கிய பெட்டி

ஏப்ரல் 27, வியாழன்

எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் கேட்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இந்த டைரி மஞ்சள் மண்டியில் பொங்கலுக்கு எல்லாருக்கும் கொடுத்தது. அப்பா அங்கே சாக்குத் தைக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. "நீதான் டிகிரி முடிச்சவ, நீ எழுது கண்ணு" என்று என்னிடம் தந்துவிட்டார். இத்தனை நாள் நான் அட்டையைக்கூடத் திறக்கவில்லை. டைரி எழுதுகிறவர்களுக்கு ஏதாவது நடந்துகொண்டிருக்கும் என்று ஓர் எண்ணம். எனக்கு என்ன நடக்கிறது? ஆனால் இந்த வீட்டில் பகல் மிக நீளமாக இருக்கிறது. தாளை வீணாக்குவதாக யாருக்காவது தோன்றினால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது மண்டி முதலாளி தாமோதரன் சாரின் வீடு. அவர் மனைவி கோகிலவாணி அக்காவுக்கு மனசு சரியில்லை, துணைக்கு ஒரு பெண் வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னாராம். ஜூன் மாதம் தனக்குத் தெரிந்த பள்ளியில் எனக்கு வேலை வாங்கித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார். அதனால் வந்தேன்.

வந்த அன்று அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உம்பேரென்ன அம்மிணி?"

"ஜீவிதாங்க்கா."

"என்ன படிச்சிருக்கற?"

"பி.ஏ. வரலாறுங்க்கா."

"அப்ப நடந்ததை மறக்கமாட்டே. நல்லதாப் போச்சு. இந்த ஊட்டுல எல்லாருக்கும் மறதி சாஸ்தி."

மனசு சரியில்லாதவர் பேசுகிற மாதிரி எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நான் படித்தது வரலாறுதான்.

எனக்குக் கொடுத்திருக்கும் வேலை கொஞ்சம்தான். அக்காவோடு இருப்பது, பேச்சுத்துணை, இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் பால். அந்தப் பாலில் ஒரு வெள்ளை மாத்திரையைப் பொடித்துக் கலக்க வேண்டும். சாரின் அக்கா வசுமதியம்மா எதிர்வீட்டில் இருக்கிறார். மாத்திரை அட்டை அவரிடம். தினமும் ஒன்றைப் பிய்த்து என் கையில் வைப்பார். "தூக்கத்துக்கு" என்றார். பால் குடித்த அரை மணி நேரத்தில் அக்காவுக்குப் பேச்சுக் குழறுகிறது. காலையில் தெருப் பெண்கள் கோலம் போடும் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் வாசலுக்கு வருகிறார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மே ஒன்பதாம் தேதி எல்லாரும் கோத்தகிரிக்குப் போகிறோம். பத்து நாள். வெயில் தாங்காத உடம்புக்கு மலைக்காற்று நல்லது என்று டாக்டர் சொன்னாராம். அக்காவின் துணிகளை எடுத்து வைப்பது என் பொறுப்பு. நான் இதுவரை எந்த மலைக்கும் போனதில்லை.

ஏப்ரல் 29, சனி

வசுமதியம்மாவோடு ஈரோட்டுக்குப் போனேன், ஸ்வெட்டர் வாங்க. தார் ரோடு செருப்பில் ஒட்டுகிறது. மூன்று கடைகளில் இல்லை என்றார்கள். நான்காவது கடைக்காரர் சிரித்தேவிட்டார்.

"இந்த வெயில்ல ஸ்வெட்டருங்களா? நீங்க போட்டுப் பாத்துட்டு நில்லுங்க, நான் ஓடிப்போயி மோரு வாங்கியாறேன்."

மேல்மாடியிலிருந்து போன வருடத்துச் சரக்கை இறக்கினார். வசுமதியம்மா சாம்பல் நிறத்தில் ஒரே மாதிரி ஆறு எடுத்தார். எல்லாம் அக்காவின் அளவு. பொத்தான் வைத்தது வேண்டாம், தலை வழியாகப் போடுகிறதுதான் வேண்டும் என்றார். ஒரு மழைக்கோட்டும் வாங்கினார்.

"மழை பெய்யுங்களாம்மா?" என்றேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

"ஆடியில அங்க காத்தும் மழையும் பின்னியெடுக்கும்."

நாங்கள் வைகாசி பிறந்து சில நாளில் திரும்பிவிடுவோம். அதைச் சொல்லவில்லை.

கடைக்காரர், "உங்களுக்கு ஒண்ணு போடட்டுங்களா?" என்று வசுமதியம்மாவைக் கேட்டார்.

"எனக்கெதுக்கு? போயிட்டு வர்றதுக்கு ஒரு சால்வை பத்தாதா?"

எனக்கும் வாங்கவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் பையில் இருந்த சிவப்புத் துண்டு போதும்.

அக்கா ஸ்வெட்டர்களைப் பார்த்துவிட்டு, "என்ன நங்கையா, என்னைய போலீஸ்ல சேக்கறீங்களா? ஆறும் ஒரே நெறம்!" என்றார். கணவரின் அக்காவை இந்தப் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். வசுமதியம்மா சிரிக்கவில்லை.

மே 1, திங்கள்

அக்காவுக்கு இன்று நல்ல உற்சாகம். மதியம் அலமாரியைத் திறந்து ஊதா நிறப் பட்டுப்புடவை ஒன்றை எடுத்தார். கல்யாணமான புதிதில் கோத்தகிரிக்குப் போனபோது கட்டியதாம்.

"அப்பல்லாம் என்ற புருசன் நல்ல மனுசன், அம்மிணி. குளுருதுன்னு சொன்னேன். கழுத்துல இருந்த மப்ளரைக் கழட்டி எனக்குச் சுத்தி உட்டாரு. அந்த ஊரு வர்க்கி பிஸ்கட்டு வாங்கிக் குடுத்தாரு. அது ஒதுந்து ஒதுந்து இந்தப் பொடவையெல்லாம் தூளு."

"இப்பக் கட்டிக்கறீங்களாக்கா?"

"கட்டிட்டு, அதே எடத்துல நின்னு ஒரு போட்டோ. இனியாளுக்கு அனுப்போணும். அவளைத்தான் கூட்டிட்டுப் போக மாட்டேங்கறாங்க, படிப்பாம்."

இனியா அவர்களின் ஒரே மகள். நாமக்கல்லில் விடுதியில் தங்கி நீட் தேர்வுக்குப் படிக்கிறாள். அக்காவின் போன் ரிப்பேருக்குப் போயிருப்பதால் மகளோடு பேசி வெகுநாளாகிறது. சாரின் போனில் சார் பேசுகிறார். என் போனை அக்காவிடம் கொடுக்கக்கூடாது என்று வசுமதியம்மா வந்த அன்றே சொல்லிவிட்டார்.

புடவையைப் பெட்டியின் அடியில் வைத்தேன். மாலையில் வசுமதியம்மா பெட்டியைக் குடைந்து அதை வெளியே எடுத்துப் போட்டார். பிறகு என் கையில் ஒரு சிவப்பு நூல்கண்டைக் கொடுத்தார்.

"எல்லாத் துணியிலயும் உள்பக்கமா 'கோ'ன்னு போட்டுரு. வெளுக்கப் போட்டா மாறிக்கும்."

"லாட்ஜுலயாங்க?"

"ஆமா."

சாரின் சட்டைகளிலும் போடவா என்று கேட்டேன். வேண்டாம், அவள் துணிக்கு மட்டும் போதும் என்றார்.

கல்லூரியில் நான் அரசு விடுதியில் இருந்தேன். மொட்டைமாடிக் கொடி முழுக்க எங்கள் துணிதான் தொங்கும். சேர்ந்த முதல் வாரமே வார்டன் எல்லாத் துணியிலும் சிவப்பு நூலில் எழுத்துப் போடச் சொன்னார். 'ஜீ' என்று மூன்று பேர் இருந்ததால் எனக்கு ஜீயோடு ஒரு புள்ளி. மூன்று வருடம் அந்தப் புள்ளியோடு இருந்தேன். பலரும் சேர்ந்து, நாள் தெரியாமல் இருக்கிற இடத்தில்தான் துணிக்குப் பெயர் வேண்டும்.

நான் லாட்ஜில் தங்கியதில்லை. அங்கும் அப்படி இருக்கலாம்.

தைத்து முடித்த பிறகுதான் கவனித்தேன். பழக்கதோஷத்தில் அப்பாவின் சாக்குத் தையலைப் போட்டிருக்கிறேன். சாக்கு வாயைத் தைக்கிற தையல். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று மொத்தமும் கையோடு வந்துவிடும். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. பிரித்துத் தைக்க நேரமில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

மே 2, செவ்வாய்

ஊரில் மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு இன்று பூச்சாட்டு. தெருமுனையில் பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். கட்டளைதாரர்கள் வரிசையில் சாரின் படமும் இருக்கிறது, நெற்றி நிறைய திருநீறோடு.

பூசாரி வீட்டுக்கு வந்தார். அடுத்த செவ்வாய் இரவு ஊருக்குக் காப்புக் கட்டு. அதன் பிறகு நோம்பி முடிந்து, கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்கும் வரை ஊரார் யாரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக்கூடாது. எங்கள் ஊரிலும் அதே வழக்கம்தான். அப்பா ஒருமுறை என் பெரியம்மா மகள் கல்யாணத்துக்கே போகாமல் இருந்திருக்கிறார்.

"காப்புக்கு நீங்க இருந்தாகணுமுங்க. கட்டளைக்காரரு இல்லாம எப்படிக் கட்டறது?" என்றார் பூசாரி.

"அதெப்படிங்க இல்லாமப் போவேன்? செவ்வாக்கெழமை பொழுதோட வந்து நிப்பேன்" என்றார் சார்.

நாங்கள் கோத்தகிரிக்குக் கிளம்புவது அதே செவ்வாய்க்கிழமை காலை. பத்து நாள் என்றார்கள். நான் தேதியைத் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று காலண்டரைப் பார்த்தேன். தவறில்லை.

பூசாரி போன பிறகு அக்கா சொன்னார். "நான் ஒரு வேண்டுதல் பாக்கி வெச்சிருக்கேன், அம்மிணி. இனியாளுக்கு டைபாய்டு வந்து கண்ணு முழிக்காமக் கெடந்தப்ப, அக்கினிச்சட்டி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன். புள்ளை பொழைச்சுட்டா. நாந்தான் அடுத்த வருசம் அடுத்த வருசம்னு தள்ளிட்டே வந்துட்டேன்."

"இந்த வருசம் எடுங்களேக்கா."

"ஊருலயே இருக்கமாட்டனாமே. எங்க எடுக்கறது?"

மே 4, வியாழன்

கத்திரி தொடங்கிவிட்டது. கிணற்றடிக் கற்றாழைகூடத் தலையைத் தொங்கப் போட்டிருக்கிறது.

காலையில் வசுமதியம்மா அக்காவின் உள்பாவாடைகளையெல்லாம் கட்டிலில் குவித்து, நாடாவை உருவிவிட்டு எலாஸ்டிக் கோக்கச் சொன்னார். மலையேறும்போது நாடா வயிற்றை இறுக்கினால் வாந்தி வருமாம். நைட்டிகளின் பின்பக்கக் கயிறுகளையும் வெட்டச் சொன்னார். புடவை வேண்டாம், சால்வை வேண்டாம், துண்டுகூடச் சின்னதாக இருக்கட்டும் என்றார்.

குளிருக்குப் போகிறவருக்குச் சால்வை வேண்டாமா? கேட்கவில்லை. எனக்குக் கேட்டு வாங்கிப் பழக்கமில்லை. விடுதியில் சாம்பார் வாளி என் தட்டைத் தாண்டிப் போகும்போதுகூட இன்னொரு கரண்டி என்று கேட்டதில்லை.

நாடாக்களை உருவினேன். ஒவ்வொன்றும் பாம்புச்சட்டை மாதிரி நெளிந்து கீழே விழுந்தது.

இரண்டாம் வருடம் எங்கள் விடுதியில் ஒரு பெண் சாப்பிடாமல், பேசாமல் இருந்தாள். ஒருநாள் வார்டன் அவள் அறைக்கு வந்து துப்பட்டாக்கள், நாடாக்கள், கொடிக்கயிறு எல்லாவற்றையும் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் பெயரை இங்கே எழுத மனமில்லை. அவளைப் பிறகு எங்கேயோ சேர்த்திருப்பதாகச் சொன்னார்கள்.

கோகிலவாணி அக்கா நன்றாகச் சாப்பிடுகிறார். நன்றாகப் பேசுகிறார். இன்று மதியம் சோற்றுக்கு உட்காரும்போது, "நங்கையா ஊட்டு ரசத்துல பருப்பைத் தேடோணும்னா மூழ்கித்தான் எடுக்கோணும்" என்று சொல்லி என்னைச் சிரிக்க வைத்துப் புரையேற்றினார்.

உருவிய நாடாக்களைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். போடவில்லை. என் பையில் வைத்திருக்கிறேன்.

மே 5, வெள்ளி

அக்காவிடம் ஏன் இந்தப் பயணத்துக்கு இப்போது அவசரம் என்று கேட்கவில்லை. அவராகவே சொன்னார். பைபாஸ் ஓரத்தில் மூன்று ஏக்கர் நிலம் அவர் அப்பா அவர் பேரில் எழுதி வைத்தது. அக்கா ஒற்றைப் பிள்ளை. தாய் தகப்பன் இருவரும் இல்லை. அந்த நிலத்தை விற்க சார் ஆள் பார்த்துவிட்டார். ஒரு கையெழுத்துதான் பாக்கி.

"போடமாட்டேன்னேன். அது இனியாளுக்கு. அன்னீல இருந்துதான் அம்மிணி எனக்கு மனசு சரியில்லாமப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பொறந்த ஊட்டுப் பக்கம் ஒரு நாதி இருந்தா, இந்நேரம் வந்து வாசல்ல நின்னு கேட்டிருக்கும்."

மாலை சாருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"அட்மிஷன் செவ்வாக்கெழமை மத்தியானம் போட்டுக்கலாமுங்க டாக்டர். அமைதியாத்தான் வருவா. சுத்துலாப் போறம்னு சொல்லியிருக்கு… இல்லீங், புள்ளைக்குத் தெரியாது. ஆறு மாசம் உங்க எடத்துல இருந்துட்டா, அந்த சர்டிபிகேட்டை வெச்சு கார்டியன் பேப்பருக்குப் போட்டுரலாமுங்க."

என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை. நான் இருப்பது அவருக்கு ஒரு பொருட்டில்லை. சொம்பை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்சம் சிந்திவிட்டது. துடைத்தேன்.

லாட்ஜில் சேர்வதற்கு அட்மிஷன் என்று சொல்வதில்லை. இது எனக்கே தெரியும்.

இன்று மாத்திரை கை தவறிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் விழுந்துவிட்டது. வெறும் பாலைக் கொடுத்தேன்.

மே 6, சனி

இன்றும் கை தவறிவிட்டது.

மே 7, ஞாயிறு

காலையில் அக்கா சுவரைப் பிடிக்காமல் வாசலுக்கு வந்து தானே கோலம் போட்டார். எதிர் வரிசைப் பெண்கள் நின்று பார்த்தார்கள். "அடடே, கோகிலாக்கா தெளிஞ்சுட்டாங்க!" என்று ஒருவர் சொன்னார். வசுமதியம்மாவும் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைத்தான் பார்த்தார்.

மதியம் அப்பா வந்தார், சமையலறைப் பின்வாசல் வழியாக. நுங்கு கொண்டுவந்திருந்தார். கையில் கோணி ஊசி குத்திய புதுக் காயம்.

"சாரு உன்னையப் பத்தி என்ன சொன்னாருன்னு தெரியுமா கண்ணு? வாயே தொறக்காத புள்ளை, தங்கமான புள்ளைன்னாரு. எல்லார்த்து முன்னாடியும் சொன்னாரு. ஜூன்ல கண்டிப்பாச் சேத்தி உடறனாம்."

"அப்பா, ஒண்ணு சொன்னா வெசனப்படமாட்டீங்களே?"

"என்ன சாமி?"

அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். நம் குடும்பத்தில் முதல்முதலாக ஒரு வாத்தியாரம்மா என்று மண்டியில் எல்லாருக்கும் ஏற்கெனவே தேங்காய் பன் வாங்கிக் கொடுத்துவிட்டாராம்.

"நுங்கு நல்லாருக்குதுப்பா" என்றேன்.

போகும்போது திரும்பிப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, "மண்டி இல்லைன்னா பருத்தி கொடவுனு. சாக்கு எங்க கண்ணு இல்லை?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மே 8, திங்கள்

கடைசி நாள். பெட்டியை மறுபடி அடுக்கினேன். அடியில் ஸ்வெட்டர்கள், மேலே நைட்டிகள், ஓரத்தில் மழைக்கோட்டு, கம்பளிக் காலுறை, ரப்பர் செருப்பு. கண்ணாடி, சீப்பு, ஊக்கு எதுவும் வேண்டாமாம். அந்துருண்டை போடச் சொன்னார் வசுமதியம்மா. பத்து நாளில் எந்தப் பூச்சியும் ஸ்வெட்டரைத் தின்னாது.

சாரின் பை கதவருகில் இருந்தது. பிதுங்கவே இல்லை. தூக்கிப் பார்த்தேன். ஒரு துண்டும் தண்ணீர்ப் பாட்டிலும்தான். என்னிடம், "உனக்கு மாத்துத்துணி வேண்டாம். அவளைக் கொண்டுபோய் அமர்த்தற வரைக்குந்தான் நீ" என்றார் வசுமதியம்மா.

அக்கா என்னை அறைக்குள் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். ஒரு பாவாடையை எடுத்து இடுப்பு மடிப்பைத் தடவிப் பார்த்தார்.

"நாடா எங்க?"

என் கண் மூலையிலிருந்த என் பைக்குப் போனது.

நைட்டியைப் புரட்டினார். சிவப்பு எழுத்தைப் பார்த்தார். விரலால் அந்தக் 'கோ'வை ஒருமுறை எழுதிப் பார்த்தார்.

"இனியா ஹாஸ்டல்ல சேர்றப்ப நானேதான் அவ துணிக்கெல்லாம் போட்டு உட்டேன். இதே மாதிரி." நைட்டியை மடித்து வைத்துவிட்டு, "எந்த ஊருல அம்மிணி, நாடா இல்லாத பாவாடையக் கட்டிட்டுப் போயி போட்டோ எடுப்பாங்க?" என்றார்.

"அக்கா…"

"நான் வரமாட்டேன்னு சத்தம் போட்டா, பாத்தீங்களா பைத்தியம்னுவாங்க. போடலைன்னா சம்மதிச்சு வந்தாள்னுவாங்க. நீ படிச்சவளாச்சே, நீ சொல்லு. நான் என்ன பண்ணோணும்?"

 மூன்று வருடம் படித்ததில் எந்தக் கேள்விக்கும் இத்தனை நேரம் நான் நின்றதில்லை.

மாலை வசுமதியம்மா பால் சொம்போடு தானே வந்தார். "இன்னிக்கு நான் கலக்கிட்டேன். உனக்குக் கை தவறுதுல்ல?" என்றார். அக்கா குடித்து முடிக்கும் வரை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கையிலிருந்த மாத்திரை அட்டையில் இரண்டு குழிகள் புதிதாகக் காலியாக இருந்தன.

மே 9, செவ்வாய்

பாவாடைகளுக்கு நாடாவைத் திரும்பக் கோத்துவிட்டு எழுதுகிறேன். ஸ்வெட்டர் ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூலின் நுனியைப் பிடித்து இழுத்தேன். சரசரவென்று வந்துவிட்டது. மற்றதையெல்லாம் அக்கா இழுத்தார்.

ஆனால் துணிகளை அலமாரிக்கு மாற்ற வசுமதியம்மா விடவில்லை, பெட்டியிலேயே திரும்ப வைக்கச் சொன்னார். கட்டிலுக்கடியில் அப்படியே இருக்கிறது. கார் பகல் முழுக்க வெயிலில் வாசலிலேயே நின்றது. நாளையிலிருந்து மண்டிக்கு வர வேண்டாம் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டார்களாம். போனில் சொன்னார். "கோணி ஊசி எங்கிட்டத்தான் இருக்குது கண்ணு" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. சார் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வசுமதியம்மா மட்டும் என்னைத் தாண்டிப் போகும்போது நின்று, மெதுவாகச் சொன்னார்: "நோம்பி முடியாமயா போயிரும்?"

இனியா நாளை மறுநாள் வருகிறாள், அம்மா சட்டி எடுப்பதைப் பார்க்க. என் போனில்தான் பேசினாள். அதற்குள் எதுவும் ஆகிவிடக்கூடாது.

காலையில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பூ வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு விடியலில் கோயிலுக்குப் போனேன். பெண்கள் ஈரப் புடவையோடு கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் காப்பு இரவில்தான். சட்டி எடுக்க வேண்டிக்கொண்டவர்களுக்குப் பூசாரி காலையிலேயே கட்டிவிடுவார். நான் வரிசையில் நின்றேன்.

"யாருக்கம்மா?"

"கோகிலவாணிக்குங்க. மண்டிக்காரர் ஊட்டுல."

"வேண்டுதல் இருக்குதா?"

"இருக்குதுங்க. புள்ளைக்கு டைபாய்டு வந்தப்ப வேண்டுனதுங்க. தள்ளிட்டே போயிருச்சுங்க."

"அவங்க ஊருக்குப் போறாங்கன்னுல்ல கட்டளைக்காரரு சொன்னாரு?"

நான் தரையைப் பார்த்தேன். பூசாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலி மஞ்சள் கோத்த நூலை எடுத்து, அம்மன் காலடியில் வைத்து, வேப்பிலையோடு என் கையில் கொடுத்தார்.

"கட்டிட்டா கம்பம் புடுங்கற வரைக்கும் எல்லை தாண்டப்படாது. தெரியுமில்ல? அப்புறம் ஒண்ணு. தூங்கறவங்க கையிலயும், தொவண்டு கெடக்கறவங்க கையிலயும் கட்டப்படாது. நாம புடிச்சுக் கட்டப்படாது. அவங்களா நீட்டோணும். கேட்டுட்டியா?"

"கேக்கறனுங்க" என்றேன்.

திரும்பும் வழியெல்லாம் அதைத்தான் நினைத்தேன். என் வாழ்க்கையில் நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது காரின் பின்கதவு திறந்திருந்தது. பெட்டி உள்ளே ஏறிவிட்டது. சார் ஸ்டியரிங் பக்கம் நின்றார். வசுமதியம்மா அக்காவின் கையைப் பிடித்து வாசலுக்கு நடத்திக் கொண்டுவந்தார். அக்காவின் கால் தரையில் இழுபட்டது. கண் பாதி மூடியிருந்தது. சாம்பல் ஸ்வெட்டரை அந்தக் காலைப் புழுக்கத்திலேயே போட்டுவிட்டிருந்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை.

கோயிலிலிருந்து திரும்பிய பெண்கள் குடத்தோடு நின்றுவிட்டார்கள்.

"ஏனுங்க, காப்பு நாளும் அதுவுமா எங்கீங்க கூட்டிட்டுப் போறீங்க?"

"ஒடம்பு முடியலீங்க. மலைக்காத்துக்கு" என்றார் சார்.

"முந்தாநேத்து நல்லாக் கோலம் போட்டாங்களே?"

"அப்பப்ப அப்படித்தான் இருப்பா. ஜீவிதா, ஏறு வண்டியில."

நான் ஏறவில்லை. கையில் நூல் நனைந்துவிட்டது, என் வியர்வையில். அக்காவின் முன்னால் போய் நின்றேன். "தள்ளு புள்ளை" என்றார் வசுமதியம்மா. தள்ளவில்லை. அக்காவின் கண் மெல்ல என் பக்கம் திரும்பியது, எங்கோ தூரத்திலிருந்து வருவது மாதிரி. என்னைத் தெரிந்ததா, கையிலிருந்த மஞ்சளைத் தெரிந்ததா, சொல்ல முடியவில்லை. சார் கார்க் கதவை அறைந்து சாத்திவிட்டு எங்கள் பக்கம் வரத் தொடங்கினார். பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அப்பாவின் தேங்காய் பன் நினைவுக்கு வந்தது.  அதையும் மீறி ஒரு குரல் வந்தது, தெரு முழுக்கக் கேட்கிற அளவுக்கு. அது என் குரல் என்று எனக்கே உடனே தெரியவில்லை.

"அக்கா, மாரியாத்தா காப்புங்க்கா. நான் புடிச்சுக் கட்டப்படாதாமுங்க. நீங்களா ஒருக்கா, ஒரே ஒருக்கா, கையை நீட்டுங்க்கா."